ரிஃப்ளெக்டரில் ஏறிய பழுப்பு வளையம்

டார்ச்சை அணைத்துவிட்டு முன்பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. ஒளியைக் குவித்து முன்னால் அனுப்பும் கிண்ணமான ரிஃப்ளெக்டரின் அடிப்பகுதி, எல்இடியைச் சுற்றி, மஞ்சளடித்துக் கிடந்தது. அந்த டார்ச்சை நானே கட்டி முடித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. முந்தைய இரண்டு மூன்று நாள்களாகவே ஒளிக்கற்றையின் நடுப்பகுதி சற்று மங்கி, வெளுப்பு குறைந்து தெரிந்தது. பேட்டரி இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செல்களை முழுதாகச் சார்ஜ் செய்து போட்ட பிறகும் அதே மங்கல்.

டார்ச்சின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே தளத்தில் நான்கு சில்லுகள் கொண்ட 12 வோல்ட் எல்இடி. அதை 2.4 ஆம்பியரில் ஓட்டுகிறேன், அதாவது ஏறத்தாழ 29 வாட். தொடராக இணைத்த நான்கு லித்தியம் அயான் செல்கள், முழுச் சார்ஜில் 16.8 வோல்ட் தரும். அதைக் குறைத்து நிலையான மின்னோட்டமாக மாற்ற பக் டிரைவர் என்ற மின்சுற்று. எல்இடியைச் சாலிடர் செய்திருப்பது ஒரு தாமிரத் தகட்டில். அந்தத் தகடு, வெப்பம் கடத்தும் களிம்பான தெர்மல் பேஸ்ட் தடவி, அலுமினியத் தலைப்பகுதியில் திருகப்பட்டிருக்கிறது. ரிஃப்ளெக்டரும் அலுமினியம்தான். வாய் அகலம் 60 மி.மீ., உட்பரப்பு வழவழப்பானது, அதன்மேல் வெற்றிடத்தில் ஏற்றிய பளபளப்புப் பூச்சு. முன்னால் 3 மி.மீ. கண்ணாடி, ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம், திருகு மூடி. தண்ணீர் புகக்கூடாது என்று எல்லா இடத்தையும் இறுக்கி அடைத்திருந்தேன். இந்த இறுக்கம்தான் பின்னால் முக்கியமாகப்போகிறது.

கட்டி முடித்த அன்று அளந்து எழுதிவைத்த எண் ஒன்று இருந்தது நல்லதாகப் போயிற்று. 5 மீட்டர் தூரத்தில், விழும் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் 2,400 காட்டியது. லக்ஸைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஒளிக்கற்றையின் செறிவைச் சொல்லும் கேண்டெலா வரும்: 2,400 × 25 = 60,000. அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் ஒளி எட்டும் தூரம், சுமார் 490 மீட்டர். டார்ச்சுகளுக்கான எஃப்எல்1 தரவிதியில் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். முழுநிலவு வெளிச்சத்தின் அளவான 0.25 லக்ஸ் வரை ஒளி விழும் தூரம் அது. இப்போது அதே இடத்தில் அதே மீட்டரை வைத்து அளந்தேன். 1,750. கேண்டெலா 43,750க்கு வந்துவிட்டது, தூரம் 418 மீட்டர். கால்பங்குக்கும் மேல் போய்விட்டது. கண் ஏமாற்றவில்லை.

ஆனால் அந்த மஞ்சள் விஷயத்தில் கண் கொஞ்சம் ஏமாற்றத்தான் செய்தது. வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடி; அதன்மேல் பூசிய பாஸ்பர் என்ற மஞ்சள் ஒளிர்பொருளும் அந்த நீலமும் சேர்ந்துதான் வெள்ளையாகத் தெரிகிறது. அணைந்திருக்கும்போது பார்த்தால் அந்தப் பாஸ்பர் பளீரென்ற மஞ்சள். ரிஃப்ளெக்டர் அதன் பிம்பத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதால், புத்தம்புது டார்ச்சிலும் கிண்ணத்தின் அடி மஞ்சளாகத்தான் தெரியும். இதைப் பார்த்துப் பயந்து நல்ல ரிஃப்ளெக்டரைத் துடைத்துக் கெடுத்தவர்களை எனக்குத் தெரியும். சோதிப்பது சுலபம். ரிஃப்ளெக்டரைக் கழற்றி ஒரு வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்துப் பாருங்கள். மஞ்சள் காணாமல்போனால் அது பாஸ்பரின் பிம்பம். என்னுடையதைக் கழற்றி வைத்தபோது மஞ்சளில் பாதி போனது. மீதிப் பாதி போகவில்லை.

இந்த இடத்தில் கை பரபரக்கும், ஒரு பஞ்சை எடுத்துத் துடைத்துப் பார்த்தால் என்ன என்று. துடைக்கவில்லை. கறை எங்கே, என்ன நிறத்தில், என்ன வடிவத்தில் இருக்கிறது என்பதுதான் கையில் இருக்கும் ஒரே சாட்சி. துடைத்தால் அது போய்விடும். ஒரு சிறிய விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, ரிஃப்ளெக்டரை மெல்லச் சுழற்றி, பார்த்ததையெல்லாம் படம் வரைந்துகொண்டேன். அரைமணி நேரம் ஆனது. அந்த அரைமணி நேரம்தான் இந்த வேலையிலேயே பயனுள்ள பகுதி என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரு கறை என்று நினைத்தது மூன்றாக இருந்தது. எல்இடி நுழையும் துளையின் விளிம்பைச் சுற்றி 4, 5 மி.மீ. அகலத்துக்கு ஒரு பழுப்பு வளையம். துளைக்கு அருகில் அடர்த்தியாகவும் மேலே போகப்போக வெளிறியும் இருந்தது. அதற்கு மேலே, கிண்ணத்தின் நடுப்பகுதியில், மழை பெய்த தார்ச்சாலையில் எண்ணெய் சிந்தியது போல வானவில் நிறங்கள் வட்டமாக ஓடின. இது பக்கவாட்டு வெளிச்சத்தில் மட்டும் தெரிந்தது. மூன்றாவதாக, வாய் விளிம்புக்கு அருகே ஒரு பக்கத்தில் மட்டும் பால் போன்ற வெண்மூட்டம். அந்த மூட்டத்துக்குள் ஒரு கட்டைவிரல் ரேகை, ஒவ்வொரு கோடும் வெள்ளையாக, அச்சுக் குத்தியது போலத் தெளிவாகத் தெரிந்தது. என் விரல்தான்.

மூன்றும் வேறு வேறு நிறம், வேறு வேறு இடம். ஆக, காரணமும் மூன்றாக இருக்க வேண்டும்.

ரிஃப்ளெக்டரின் பூச்சைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இனி வருவது புரியும். கடைந்த அலுமினியத்தின் மேல் முதலில் ஒரு வார்னிஷ் படலம் ஏற்றுவார்கள். கடைசல் கோடுகளை நிரப்பி மேற்பரப்பைக் கண்ணாடி போல ஆக்குவது அந்தப் படலம்தான். அதன்மேல் வெற்றிட அறையில் ஆவியாக்கிய அலுமினியம் படியும். அதன் தடிமன் 0.1 மைக்ரான் அளவில்தான் இருக்கும். தலைமுடி சுமார் 70 மைக்ரான் என்றால், அதில் எழுநூறில் ஒரு பங்கு. அதற்கும் மேல் ஒரு மெல்லிய நிறமற்ற காப்புப் படலம். நாம் பார்க்கும் பளபளப்பு முழுவதும் அந்த எழுநூறில் ஒரு பங்கில்தான் இருக்கிறது. மெட்டல் பாலிஷோ பற்பசையோ போட்டுத் தேய்த்தால் பளபளப்பு கூடாது. பூச்சே துணியோடு வந்துவிடும்.

இந்த முறை தொலைநோக்கிகளுக்காக வளர்த்தெடுக்கப்பட்டது என்பது எனக்குப் பிடித்த செய்தி. அதற்கு முன் தொலைநோக்கி ஆடிகளில் வெள்ளிதான் பூசுவார்கள். வெள்ளி இன்னும் நன்றாகப் பிரதிபலிக்கும், ஆனால் காற்றிலுள்ள கந்தகத்தால் சீக்கிரம் கறுத்துவிடும். 1930களில் ஜான் ஸ்ட்ராங் என்ற இயற்பியலாளர் அலுமினியத்தை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1935இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் 100 அங்குல ஆடிக்கே அலுமினியம் பூசினார்கள். அலுமினியம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 90 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பும். மேலே உருவாகும் ஆக்சைடு படலம் அதற்குத் தானாகவே காவல் நிற்கும்.

சரி, கறைக்கு வருவோம். அலுமினியம் இவ்வளவு உறுதியானது என்றால் நிறம் மாறியது எது? மேலே ஏதோ படிந்திருக்க வேண்டும், அல்லது வார்னிஷ் கருகியிருக்க வேண்டும். இரண்டுக்கும் முதல் கேள்வி வெப்பம். தாமிரத் தகட்டில், சூட்டை அளக்கும் உணரியான கே வகை தெர்மோகப்பிள் ஒன்றைப் பொருத்தி, முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டினேன். 71 டிகிரி செல்சியஸ். இந்த வாட்டுக்கு இது அதிகமே இல்லை. ரிஃப்ளெக்டரின் பின்பக்கம் அதைவிடக் குறைவு, 58. இந்தச் சூட்டில் எதுவும் கருகாது. ஒரு நாள் முழுக்க இந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

மறுநாள் தலைப்பகுதியை மறுபடி திறந்து, எல்இடியைச் சுற்றி நான் வெட்டி ஒட்டியிருந்த இன்சுலேஷன் டேப் வளையத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ரிஃப்ளெக்டரின் அடி அலுமினியம், எல்இடியின் சாலிடர் முனைகளைத் தொட்டால் ஷார்ட் ஆகும். அதைத் தடுக்கத்தான் அந்தக் கறுப்பு பிவிசி டேப். 80 டிகிரி வரை தாங்கும் என்று சுருளின் உட்புறம் அச்சிட்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். தகட்டைத் தொடும் பக்கம் டேப் புதிது போல இருந்தது. எல்இடியைப் பார்த்த உள்விளிம்பு மட்டும் கொப்பளித்து, மொறமொறப்பாக, கரியாகியிருந்தது.

தகட்டின் சூடு காரணம் என்றால் அடிப்பக்கம்தான் முதலில் கெட்டிருக்க வேண்டும். கெட்டது ஒளி பட்ட பக்கம். அப்போதுதான் புரிந்தது: டேப்பை எரித்தது ஒளி. நான் தெர்மோகப்பிளை வைத்த இடத்தில் அந்தச் சூடு இல்லவே இல்லை.

இதை உறுதிப்படுத்த ஒரு சின்னச் சோதனை செய்தேன். காற்றோட்டமான இடத்தில், வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டு, இடுக்கியில் ஒரு துண்டுக் கறுப்பு டேப்பைப் பிடித்து எல்இடிக்கு 2 மி.மீ. எதிரே காட்டினேன். ஐந்தாறு நொடியில் புகை வந்தது. அதே தூரத்தில் வெள்ளை டெஃப்லான் துண்டைக் காட்டினேன். ஒரு நிமிடம் ஆகியும் அது வெதுவெதுப்பாக மட்டுமே ஆனது. கணக்குப் போட்டாலும் ஒத்துவருகிறது. 29 வாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒளியாக வெளியே வருகிறது என்று வைத்தால் பத்து வாட்டுக்கு மேல். அது முழுக்க ஒரு விரல்நகப் பரப்பிலிருந்து கிளம்புகிறது. நடுப்பகல் வெயில் ஒரு சதுர செ.மீ.க்கு 0.1 வாட் தருகிறது. எல்இடிக்கு ஓரிரு மி.மீ. எதிரே அதைப் போல நூறு மடங்கு அளவில் இருக்கும். கறுப்புப் பரப்பு அவ்வளவையும் விழுங்கும். இந்த வகை டார்ச்சை எரியவிட்டபடி துணிமேல் கவிழ்த்து வைக்கக்கூடாது என்று சொல்வது இதனால்தான். தயவுசெய்து அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தீப்பிடிக்கும்.

பழுப்பு வளையத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. டேப்பிலிருந்து கிளம்பிய புகையும் பிவிசியை நெகிழ்வாக்க அதில் கலந்திருக்கும் எண்ணெய் போன்ற பிளாஸ்டிசைசரும் பக்கத்திலிருந்த ரிஃப்ளெக்டர் விளிம்பில் படிந்திருக்கின்றன. ஒருமுறை படிந்துவிட்டால் அது நிற்காது. பளபளப்பான இடம் ஒளியில் பத்தில் ஒரு பங்கைத்தான் விழுங்கும். பழுப்பான இடம் அதைவிடப் பல மடங்கு விழுங்கும், சூடாகும், இன்னும் பழுப்பாகும். மூன்று வாரத்தில் வேகமாக மங்கியதன் காரணம் இந்தச் சுழல்.

வெண்மூட்டத்துக்கு விடை அந்த விரல்ரேகையிலேயே இருந்தது. குற்றம் நடந்த இடத்தில் மறைந்திருக்கும் கைரேகையை வெளிக்கொண்டுவரச் சூப்பர் க்ளூவை ஆவியாக்கிக் காட்டும் முறை ஒன்று உண்டு. சயனோஅக்ரிலேட் ஆவி விரல் பட்ட இடத்திலுள்ள ஈரத்திலும் பிசுக்கிலும் ஒட்டி வெள்ளையாக இறுகும். என் டார்ச்சுக்குள் அதுவேதான் நடந்திருக்கிறது. 60 மி.மீ. அளவில் சரியான ஓ-ரிங் கிடைக்காததால், நீளமான ரப்பர் கயிற்றை வெட்டி, இரு முனைகளையும் சூப்பர் க்ளூவால் ஒட்டி வளையமாக்கியிருந்தேன். ஒட்டியது காய்ந்துவிட்டது என்று ஐந்து நிமிடத்தில் மூடியைத் திருகிவிட்டேன். மூட்டம் இருந்த பக்கத்தைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஓ-ரிங்கின் ஒட்டு சரியாக அதே பக்கம்.

வானவில் நிறத்துக்குத்தான் நேரம் பிடித்தது. அந்த நிறங்கள் ஒரு மெல்லிய ஒளிபுகு படலத்தின் அடையாளம். படலத்தின் மேல்முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிமுகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று குறுக்கிடும்போது, தடிமனுக்குத் தக்கபடி சில நிறங்கள் வலுக்கும், சில மங்கும். ஆகவே அங்கே இருப்பது கரியோ அரிப்போ இல்லை, ஒளி அலைநீள அளவுத் தடிமனில் ஓர் எண்ணெய்ப் படலம். எங்கிருந்து வந்தது? தெர்மல் பேஸ்ட், ஓ-ரிங்குக்குத் தடவிய சிலிக்கான் கிரீஸ், சாலிடர் நன்றாகப் பிடிக்கத் தடவி மிஞ்சிய ஃப்ளக்ஸ், எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை.

ஊகிப்பதைவிடச் சோதித்துப் பார்ப்பது மேல் என்று தோன்றியது. சின்னக் கண்ணாடிக் குப்பிகள் ஐந்தை எடுத்துக்கொண்டேன். ஒன்றில் தெர்மல் பேஸ்ட், ஒன்றில் சிலிக்கான் கிரீஸ், ஒன்றில் ஃப்ளக்ஸ் தடவிச் சாலிடர் செய்த தாமிரத் துண்டு, ஒன்றில் டேப், கடைசியில் ஒரு நாள் முழுக்கக் காய்ந்த சூப்பர் க்ளூ. ஒவ்வொரு குப்பியின் வாயிலும் ஒரு கண்ணாடிச் சில்லு, அதன்மேல் குளிர்ச்சிக்காக ஈரத்துணி. எல்லாவற்றையும் சூடேற்றும் தகட்டில் 85 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்தேன். கார்களின் உட்புற பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவி முன்கண்ணாடியில் மூட்டமாகப் படிவதை அளக்க, வாகனத் துறையில் இதே அடிப்படையில்தான் சோதிக்கிறார்கள்.

டேப் இருந்த குப்பியின் சில்லு ஒளி புகாத அளவுக்குப் பிசுபிசுத்துக் கிடந்தது. ஃப்ளக்ஸ் குப்பியில் லேசான தேன் நிறப் பிசின். கிரீஸ் குப்பி பெரும்பாலும் சுத்தம். காய்ந்த சூப்பர் க்ளூவில் ஒன்றுமே இல்லை. அதன் தவறு பொருளில் இல்லை, அவசரத்தில் இருந்தது. தெர்மல் பேஸ்ட் குப்பியின் சில்லைச் சாய்த்துப் பார்த்தபோது அதே வானவில். நான் வாங்கியிருந்தது தளர்வான வெள்ளைப் பேஸ்ட். அதிலிருந்து எண்ணெய் பிரிந்து டியூப்பின் வாயில் நிற்பதை முன்பே பார்த்திருந்தேன், கவனிக்கவில்லை. அதோடு, தகட்டின் ஓரங்களில் பிதுங்கி வழியும் அளவுக்கு அள்ளித் தடவியிருந்தேன்.

இதோடு இன்னொன்றையும் சோதித்தேன். முன்கண்ணாடியை ஒட்டப் பலரும் பயன்படுத்தும், புளிப்பு நெடி அடிக்கும் சிலிக்கான் பசை. அந்த நெடி அசிட்டிக் அமிலம். இறுகும்போது அதைத்தான் வெளிவிடுகிறது. ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் பூச்சு ஏற்றிய ஒரு பழைய ரிஃப்ளெக்டரின் துண்டையும் அந்தப் பசையில் ஒரு சொட்டையும் ஒரே குப்பியில் அடைத்து வைத்தேன். இரண்டு நாள் கழித்துத் துண்டை விளக்குக்கு எதிரே பிடித்தால் ஊசித்துளை ஊசித்துளையாக வெளிச்சம் வந்தது. அந்த இடங்களில் அலுமினியம் போயே போய்விட்டது. நல்லவேளையாக என் டார்ச்சில் இதைப் போட்டிருக்கவில்லை. சிலிக்கான் பசை போட்டே தீர வேண்டுமென்றால் அமிலம் விடாத நியூட்ரல் வகையைப் பாருங்கள். அதையும் திறந்த நிலையில் முழுதாக இறுகவிட்டு மூடுங்கள்.

காரணங்கள் தெரிந்த பிறகுதான் சுத்தம் செய்யத் தொடங்கினேன். மென்மையானதிலிருந்து கடுமையானதை நோக்கி, ஒவ்வொரு படியிலும் நிறுத்திப் பார்த்து. முதலில் கைப்பம்பால் காற்று ஊதித் தூசியை நீக்கினேன். அடுத்து, வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே சொட்டு விட்டு, ரிஃப்ளெக்டரைப் பத்து நிமிடம் மூழ்க வைத்தேன். தேய்க்கவே இல்லை. வெளியே எடுத்து மறுபடி காய்ச்சி வடித்த நீரில் அலசிக் கவிழ்த்து உலர்த்தினேன். தூசியும் கொஞ்சம் பிசுக்கும் போயின, மூன்று கறையும் அப்படியே.

அடுத்தது 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் (ஐபிஏ). கிண்ணத்தில் ஊற்றிச் சுழற்றி வடித்தேன், மூன்று முறை. வானவில் போய்விட்டது. பழுப்பு வளையத்தின் மேலிருந்த பிசுபிசுப்பும் கரைந்து வந்தது. வடித்த திரவம் வெளிர்மஞ்சளாக இருந்தது. ஆனால் அதற்கு அடியில் தெளிவான, பளபளப்புக் குறையாத ஒரு தேன் நிறம் மிஞ்சியது. பக்கவாட்டில் பார்த்தால் மேற்பரப்பு மினுங்குகிறது, நிறம் அதற்குள்ளே இருக்கிறது. விரலுக்கும் தட்டுப்படவில்லை, திரவத்துக்கும் அசையவில்லை. வார்னிஷே வெந்துவிட்டது. இதற்கு மருந்து கிடையாது.

வெண்மூட்டத்தைக் கரைக்க அசிட்டோன் தேவை. சூப்பர் க்ளூவை அது கரைக்கும், கூடவே காப்புப் படலத்தையும் தின்னும். வெளிவிளிம்பில் ஒளி படாத ஓரிடத்தில் ஒரு துளி வைத்துப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் அந்த இடம் பனி படர்ந்தது போல மங்கிவிட்டது. பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டராக இருந்தால் இதைச் சோதிக்கவே வேண்டாம், பாலிகார்பனேட்டில் விரிசல் விழும். அசிட்டோனை மூடி வைத்துவிட்டேன்.

ஐபிஏ அலசலுக்குப் பின் அளந்தால் 1,960 லக்ஸ். 1,750இலிருந்து ஏறியிருக்கிறது, ஆனால் 2,400 இல்லை. புது ரிஃப்ளெக்டர் வரவழைப்பது என்று முடிவு செய்தேன்.

பழையதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. பூச்சு இல்லாமல் வெறும் அலுமினியத்தையே பாலிஷ் செய்தால் எவ்வளவு வரும் என்று எனக்கு நெடுநாளாக ஓர் ஆவல். ஓரிரவு அசிட்டோனில் ஊறப்போட்டுப் பூச்சையும் வார்னிஷையும் எடுத்தேன். அதைக் கடைசலில் மெதுவாகச் சுழலவிட்டு 1,000, 1,500, 2,000 எண் தாள்களில் தண்ணீரோடு தேய்த்து, கடைசியில் பாலிஷ் பேஸ்ட். முகம் பார்க்கும் அளவுக்கு மினுங்கியது. கையில் வைத்துப் பார்க்கும்போது அப்படி ஒரு சந்தோஷம். டார்ச்சில் பொருத்தி அளந்தேன்: 1,480. கறை படிந்த பூச்சைவிடக் குறைவு. சுவரில் காட்டியபோது காரணம் தெரிந்தது. நடுப்புள்ளி கலைந்து, அதைச் சுற்றி வட்ட வட்டமாகக் கோடுகள். தேய்க்கும்போது விரல் அழுத்தம் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் பரவளைவின் வடிவமே மாறிவிட்டது. வார்னிஷ் படலம் நிரப்பித் தந்த சமதளமும் இப்போது இல்லை. பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும் வேலை விளக்குக்கு அது போதும், அதற்கென்று எடுத்துவைத்திருக்கிறேன்.

புது ரிஃப்ளெக்டரைப் பொருத்தும் முன் எல்இடியையும் கவனிக்க வேண்டியிருந்தது. அதன் சிலிக்கான் குவிமாடத்தின் நடுவில் லேசான பழுப்பு. சிலிக்கான் ஆவிகளை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அவை நீல ஒளியிலும் சூட்டிலும் சிதைந்து நிறம் மாறும். இறுக்கி அடைத்த தலைப்பகுதியில் ஆவி வெளியேற வழி இல்லாததால் இது இன்னும் மோசமாகும். நல்ல செய்தி என்னவென்றால், பல நேரங்களில் இது திரும்பக்கூடியது. ரிஃப்ளெக்டர், கண்ணாடி எதுவும் இல்லாமல் எல்இடியைத் திறந்த காற்றில் 0.7 ஆம்பியரில் நான்கு மணி நேரம் எரியவிட்டேன். அணைத்துப் பார்த்தால் பழுப்பு போய், பாஸ்பரின் மஞ்சள் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இதைக் கண்ணால் பார்க்கும்வரை நான் நம்பவில்லை. எல்இடி பழுத்துவிட்டது என்று கழற்றி எறியும் முன் ஒருமுறை இப்படி எரியவிட்டுப் பாருங்கள்.

மறுபடி கட்டியபோது மாற்றியவை சில. தாமிரத் தகட்டை ஐபிஏவும் பழைய பல்துலக்கியும் கொண்டு, சாலிடர் முனைகளைச் சுற்றி ஃப்ளக்ஸ் ஒரு புள்ளியும் மிஞ்சாமல் தேய்த்து அலசினேன். கழுவத் தேவையில்லாத வகை ஃப்ளக்ஸ் என்று போட்டிருந்தாலும் மூடிய தலைப்பகுதிக்குள் அதை விட்டுவைப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். எண்ணெய் பிரியாத கெட்டியான தெர்மல் பேஸ்டை, தகட்டின் நடுவில் ஒரு சிறு பொட்டு அளவு மட்டும் வைத்து அழுத்தித் திருகினேன். ஓரத்தில் பிதுங்கியதைத் துடைத்தெடுத்தேன். இதனால் தகட்டின் சூடும் 71இலிருந்து 65க்கு இறங்கியது.

டேப்புக்குப் பதில் 1 மி.மீ. வெள்ளை டெஃப்லான் தகட்டில் வளையம் வெட்டிப் போட்டேன். கேப்டான் டேப்பும் வெப்பம் தாங்கும், ஆனால் அதன் தேன் நிறம் நீல ஒளியை விழுங்கும். எல்இடிக்கு இவ்வளவு அருகில் வெள்ளைதான் சரி. டெஃப்லான் 260 டிகிரி வரை தாங்கும், மின்சாரம் கடத்தாது. ஒரு குறை, அது மெதுவாக நசுங்கும். தலைப்பகுதியை ஒரேயடியாக இறுக்கினால் வளையம் மெலிந்து, ரிஃப்ளெக்டரின் குவியம் மாறிப்போகும். அதனால் சுவரில் ஒளிப்புள்ளியைப் பார்த்துக்கொண்டே கால் சுற்று கால் சுற்றாக இறுக்கினேன்.

ஓ-ரிங்கை இம்முறை ஒட்டவில்லை. அச்சில் வார்த்த முழு வளையத்துக்காகக் காத்திருந்தேன், அதற்குத் தக்கபடி மூடியின் பள்ளத்தைக் கொஞ்சம் கடைந்து ஆழப்படுத்தினேன். அப்புறம், முன்கண்ணாடியைப் போடாமல், ரிஃப்ளெக்டரையும் பொருத்தாமல், டார்ச்சை முழு வேகத்தில் பத்து பத்து நிமிடமாக மொத்தம் இரண்டு மணி நேரம் ஓட்டினேன். கிளம்ப வேண்டிய ஆவியெல்லாம் திறந்த வெளியில் கிளம்பிப் போகட்டும் என்பதற்காக. அதன் பிறகுதான் ரிஃப்ளெக்டர், விளிம்பை மட்டும் பிடித்து, கையுறையோடு. கடைசியாகக் கண்ணாடி.

முதல் அளவு 2,450 லக்ஸ். பழையதன் முதல் நாள் அளவைவிடச் சற்றுக் கூடுதல். தகட்டின் சூடு குறைந்தது உதவியிருக்கலாம்.

அதன்பின் எரியவிட்ட நேரத்தையெல்லாம் குறித்துக்கொண்டே வந்தேன். நாற்பது மணி நேரம் ஆனதும் 2,440. மீட்டரின் தள்ளாட்டமே அவ்வளவு இருக்கும். எண் போதும்தான், இருந்தாலும் திறந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. மூடியைக் கழற்றி, ரிஃப்ளெக்டருக்குள் மெல்ல வாயால் ஆவி ஊதினேன். பரப்பில் ஏதாவது படிந்திருந்தால், கண்ணுக்கு நேரடியாகத் தெரியாவிட்டாலும், ஊதிய ஆவி அங்கே திட்டுத்திட்டாகவும் கோடு கோடாகவும் நிற்கும். இங்கே துளை விளிம்பிலிருந்து வாய் விளிம்புவரை ஒரே சீராகப் படர்ந்து, வாய்ப்பக்கத்திலிருந்து மெதுவாக உள்நோக்கிக் கலைந்தது. அது முழுதாக உலரும்வரை காத்திருந்து கண்ணாடியைப் போட்டு மூடினேன்.